மின்சாரக் காரும் இரண்டாவது உரிமையாளரும்

மின்சாரக் கார் வாங்கலாமா என்ற பேச்சு ஒரு குடும்பத்தில் எழுந்துவிட்டால், விலை, நிறம், இடவசதி, சார்ஜ் போடும் இடம் ஆகிய எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்த பிறகு, வீட்டில் சற்று மூத்தவராக இருப்பவர் கேட்கும் ஒரு கேள்வியில் அந்தப் பேச்சு தவறாமல் வந்து நிற்கிறது: "எல்லாம் சரி, எட்டு வருஷம் கழித்துப் பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது?" இந்தக் கேள்வியைக் கேட்பவரைக் காலத்தோடு ஒட்டாதவர் என்று எண்ணுவதற்கு நியாயமில்லை. காரின் விலையில் பெரும்பங்கு அதன் அடித்தளத்தில் கிடக்கும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. கைப்பேசியின் பேட்டரி இரண்டு மூன்று வருஷங்களில் தளர்ந்துபோவதை நாம் எல்லோரும் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறோம். பல வருஷச் சேமிப்பைக் கொட்டிக் கார் வாங்குகிற நடுத்தரக் குடும்பத்தார், பல லட்ச ரூபாய் பெறுமான ஒரு பண்டம் தம் கண்ணுக்குத் தெரியாமலே க்ஷீணித்துப் போகுமோ என்று அஞ்சுவது விவேகமே தவிரப் பேதைமை ஆகாது.

ஆயினும் இந்த விஷயத்தைச் சில காலமாகச் சிரத்தையுடன் கவனித்து வந்ததில் எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம், அந்தக் கேள்வி தவறான மனிதரின் சார்பாகக் கேட்கப்படுகிறது என்பதாகும். புதிய காரை வாங்கி, தானே எட்டு வருஷமோ பத்து வருஷமோ ஓட்டப்போகிறவருக்குப் பேட்டரியைப் பற்றிய கவலை பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சியது. உண்மையில் கவலைப்பட வேண்டியவர் அவரிடமிருந்து அந்தக் காரை வாங்கப் போகிறவர். அவரைப் பற்றி இன்றுவரை கார் செய்யும் நிறுவனங்களும் சரி, வரி விதிக்கும் அரசாங்கமும் சரி, போதிய அளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

முதலில் பேட்டரி எப்படி மூப்படைகிறது என்பதைச் சிறிது விளக்கியாக வேண்டும். 1991-இல் ஸோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லிதியம்-அயான் பேட்டரியின் தத்துவமே இன்றைய மின்சாரக் காரிலும் வேலை செய்கிறது. சார்ஜ் ஏறும்போது லிதியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி, நடுவில் உள்ள திரவத்தின் வழியே சென்று, கிராஃபைட்டால் ஆன மறுமுனையின் அடுக்குகளுக்குள் புகுந்து தங்குகின்றன. கார் ஓடும்போது அவையே வந்த வழியே திரும்புகின்றன. முதல் தடவை சார்ஜ் ஏற்றும்போதே கிராஃபைட்டின் மேல் மிக மெல்லிய படலம் ஒன்று உண்டாகிவிடுகிறது. அந்தப் படலம் இல்லாவிட்டால் பேட்டரி நிலைத்து நில்லாது. ஆனால் உப்புநீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுவதுபோல, வருஷங்கள் செல்லச் செல்ல அது தடித்துக்கொண்டே போய், போய்வந்துகொண்டிருக்க வேண்டிய லிதியத்தைச் சிறிது சிறிதாகத் தன்னுள் முடக்கிவிடுகிறது. ஆகவே பேட்டரிக்கு ஓட்டத்தினால் வரும் தேய்வு ஒன்று, சும்மா நிறுத்தி வைத்தாலும் காலத்தினால் வரும் மூப்பு ஒன்று என இரண்டு உண்டு. இரண்டையும் விரைவுபடுத்துவது உஷ்ணம். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் ரசாயன வினைகளின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது வேதியியலார் கையாளும் பழைய கணக்கு. சித்திரை வைகாசியில் வேலூரிலும் திருச்சியிலும் வெயிலில் காரை நிறுத்துகிறவர்களுக்கு அந்தக் கணக்கின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு நூறு சார்ஜ் ஏற்றிய காரை அந்த வெயிலில் நாள்கணக்கில் நிறுத்திவைப்பது பேட்டரிக்குச் செய்யும் கெடுதல்களில் முதன்மையானது.

இனி ஓட்டத்தினால் வரும் தேய்வைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் முதல் வடிவத்தில் இருந்தது 30.2 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி. சோதனைக் கணக்கில் 312 கிலோமீட்டர் என்று சொல்லப்பட்டாலும், ஏ.ஸி. போட்டுக்கொண்டு நம் சாலைகளில் ஓட்டினால் 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே ஜாக்கிரதையான மதிப்பு. முழுவதும் ஏற்றி முழுவதும் இறக்குவதை ஒரு சுற்று என்று கொண்டால், 1,000 சுற்றுகளில் கார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு அது 16 வருஷத்துக்கு மேற்பட்ட ஓட்டம். அந்தக் காரிலும் இன்று நம் நாட்டில் விற்கும் பல மின்சாரக் கார்களிலும் உள்ள இரும்பு-பாஸ்பேட் வகைப் பேட்டரியோ 2,000 சுற்றுகளையும் தாண்டக்கூடியது. கனடாவின் ஜியோடாப் நிறுவனம் ஆயிரக்கணக்கான மின்சார வாகனங்களின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சராசரித் தேய்வு வருஷத்துக்கு 2.3 சதவீதம் என்று முதலிலும், 1.8 சதவீதம் என்று 2024-இலும் கணக்கிட்டது. அந்த விகிதத்தில் பத்து வருஷம் கழிந்த பிறகும் பேட்டரியில் 80 சதவீதத்தை ஒட்டிய கொள்திறன் எஞ்சியிருக்கும். ஆகவே எட்டாவது வருஷத்தின் கடைசி நாளில் பேட்டரி திடீரென்று கண்ணை மூடிவிடும் என்ற பரவலான எண்ணத்துக்கு ஆதாரம் கிடையாது. அந்த எட்டு வருஷம், 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நாங்கள் பொறுப்பு என்று நிறுவனங்கள் வரைந்துகொண்ட எல்லைதான்.

என்றாலும் சராசரி என்பது எல்லோருக்கும் பொருந்துவதன்று. சராசரிக்கு வெளியே விழுந்தவர்களின் கதியை அறிய வேண்டுமானால், உலகில் முதன்முதல் பெருவாரியாக விற்ற மின்சாரக் காராகிய நிஸ்ஸான் லீஃபின் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் நாம் கற்க வேண்டிய பாடங்களில் பெரும்பாலானவை அந்த ஒரே காரில் அடங்கியிருக்கின்றன.

2010 டிசம்பரில் லீஃப் வெளிவந்தபோது அதில் இருந்தது 24 யூனிட் பேட்டரி. நான்கு செல்கள் கொண்ட மாட்யூல் ஒன்று, அப்படி 48 மாட்யூல்கள், ஆக மொத்தம் 192 செல்கள். இவற்றை மூடிய ஓர் உலோகப் பெட்டியில் அடுக்கி, ஆட்கள் உட்காரும் இருக்கைகளுக்குக் கீழே பொருத்தியிருந்தார்கள். பெட்டியைக் குளிர்விக்கத் திரவமும் இல்லை, மின்விசிறியும் இல்லை. ஜப்பானின் மிதமான சீதோஷ்ணத்தில் அது பெரும் குறையாகத் தெரியவில்லை. ஆனால் அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில், கோடையில் 45 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும் ஃபீனிக்ஸ் நகரில், 2012-ஆம் வருஷமே உரிமையாளர்கள் முறையிடத் தொடங்கினார்கள். அந்தக் காரின் முகப்பில் பேட்டரியின் கொள்திறனைக் காட்ட 12 சிறு கோடுகள் உண்டு. ஒவ்வொரு கோடும் பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி அது அமைக்கப்படவில்லை: முதல் கோடு மறைவதற்குள் பேட்டரி 15 சதவீதக் கொள்திறனை இழந்திருக்கும்; அதற்குப் பிறகுதான் 6.25 சதவீதத்துக்கு ஒரு கோடு வீதம் மறையும். கார் பழுதற்றிருப்பதாக முகப்பு சொல்லிக்கொண்டிருந்த மாதங்களிலெல்லாம் உரிமையாளரின் சொத்து அவர் அறியாமலே கரைந்துகொண்டிருந்தது. வழக்குகள் எழுந்தன. நிறுவனமும் இறங்கி வந்து, ஐந்து வருஷம் அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது கோடுகளுக்குக் கீழே போனால் பேட்டரியைச் சரிசெய்து தருவதாகப் புதிய உத்தரவாதம் அளித்தது. 2014-இல், பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டுப் புதியது பெற 5,499 டாலர் என்று விலையையும் பகிரங்கமாக அறிவித்தது. வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் ரசாயனக் கலவையையும் கொண்டுவந்தது. அன்று அந்த உரிமையாளர்கள் வாய்மூடி இருந்திருந்தால் இவற்றுள் ஒன்றும் நடந்திராது.

இந்தச் சரித்திரத்தின் அடுத்த பகுதி நமக்கு இன்னும் அருகில் நிகழ்ந்தது. 2015-ஐ ஒட்டிய காலத்தில் இலங்கையில் மின்சாரக் கார்களுக்கு வரி குறைவாக இருந்தபோது, ஜப்பானில் ஓடிக் கழித்த லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து இறங்கின. அவற்றை வாங்கியவர்கள் இரண்டாவது உரிமையாளர்கள். குளிரூட்டும் ஏற்பாடு இல்லாத பேட்டரி, வருஷம் முழுவதும் உஷ்ணமான தேசம், ஜப்பானில் எஞ்சிய கோடுகளின் எண்ணிக்கை ஒன்றைத் தவிரப் பூர்வீகம் எதுவும் தெரியாத கார். சில வருஷங்களில் ஓட்டதூரம் பாதியாகச் சுருங்கியபோது அவர்கள் முறையிட ஓர் இடமும் இல்லை. ஏனெனில் அந்தக் கார்களை விற்றது அவற்றைச் செய்த நிறுவனம் அன்று, இடையில் இருந்த வியாபாரி. கடைசியில் அங்குள்ள மெக்கானிக்குகளே கைகொடுத்தார்கள். பெட்டியைத் திறந்து, தளர்ந்த மாட்யூல்களைத் தேடிப் பிடித்து மாற்றும் வேலையைத் தாமே கற்றுக்கொண்டார்கள்.

அது சாத்தியமானதற்குக் காரணம் லீஃபின் அமைப்பு. செல்கள் வரிசையாக இணைக்கப்பட்ட பேட்டரியில் மிகத் தளர்ந்த செல் எதுவோ அதுவே முழு வரிசையின் திறனையும் நிர்ணயிக்கிறது. அதை மாற்றிவிட்டால் மற்றவை இன்னும் பல வருஷம் உழைக்கும். நிஸ்ஸானும் அதன் கூட்டாளி நிறுவனமும் இதையே ஒரு தொழிலாகச் செய்யலாம் என்று கண்டு, 2011-இன் அணுஉலை விபத்தால் மக்கள் வெளியேற நேர்ந்த புகுஷிமாவின் நாமியே ஊரில், 2018-இல் ஓர் ஆலையைத் திறந்தார்கள். அங்கே பழைய பேட்டரிகளைப் பிரித்து, 48 மாட்யூல்களையும் தனித்தனியே அளந்து, நல்லவற்றைக் காருக்கும், நடுத்தரமானவற்றை ஆலை வாகனங்களுக்கும் மின்சேமிப்புக்கும் என்று தரம்பிரிக்கிறார்கள். அப்படிப் புதுப்பித்த 24 யூனிட் பேட்டரிக்கு அப்போது ஜப்பானில் வைத்த விலை 3 லட்சம் யென்; புத்தம் புதிய பேட்டரி 6.5 லட்சம் யென். பாதிக்கும் குறைவான விலையில் பழைய காருக்குப் புத்துயிர் கிடைத்தது. பழைய லீஃப் பேட்டரிகளை ரயில்வே கேட்டுகளின் அவசர மின்சாரத்துக்குக்கூட அங்கே பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடையே வருஷந்தோறும் கைமாறும் பழைய கார்களின் எண்ணிக்கை புதிதாக விற்கும் கார்களின் எண்ணிக்கையைவிட அதிகம். முதன்முதலில் ஒரு குடும்பம் கார் வாங்குவது பெரும்பாலும் பழைய கார் விற்கும் இடத்தில்தான் நடக்கிறது. அங்கே போகிறவர்கள் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு போவது வழக்கம். அவர் பானெட்டைத் தூக்கி, ஆயில் கம்பியை உருவி, அதில் ஒட்டிய எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிச் சைலென்ஸர் புகையின் நிறத்தைக் கவனிப்பார். மிதியடியைப் புரட்டித் துரு தேடுவார். கதவு ரப்பரை விலக்கி மறுபெயிண்டைக் கண்டுபிடிப்பார். கால் மணி நேரத்தில் அந்த எஞ்சினின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு விலை இருபதாயிரமோ முப்பதாயிரமோ இறங்கும்.

அதே மனிதரை ஒரு பழைய மின்சாரக் காரின் முன் நிறுத்துங்கள். விரலில் தேய்க்க எண்ணெய் இல்லை, காதால் கேட்க ஓசை இல்லை, கண்ணால் பார்க்கப் புகை இல்லை. "பேட்டரி எப்படிங்க இருக்கு?" என்று அவர் கேட்டால், "ஃபுல் சார்ஜ் போட்டா மீட்டர்ல இருநூத்தி இருபது காட்டுது அண்ணே, நீங்களே பாருங்க" என்று விற்பவர் சொல்வார். மீட்டர் காட்டும் அந்த எண்ணோ, அந்தக் கார் அண்மையில் எப்படி ஓட்டப்பட்டது என்பதை வைத்துக் கணிக்கப்படுவது. சில நாட்கள் மெதுவாக, ஏ.ஸி. இல்லாமல் ஓட்டி வைத்தால் அது ஏறிக் காட்டும். வேகமாக ஓட்டினால் இறங்கிக் காட்டும். பேட்டரியின் மெய்யான ஆரோக்கியம் அதன் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் பதிவாகி இருக்கிறது. அதைப் படிக்கும் சாதனம் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. அந்த விவரத்தைக் கேட்டுப் பெறும் உரிமை வாங்குகிறவருக்குச் சட்டத்தால் வழங்கப்படவில்லை. விற்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவரிடமும் காட்டுவதற்கு ஆதாரம் இல்லை.

வாரண்டியாவது அவரைக் காக்குமா? 2024 நவம்பரில் சென்னையில் மஹிந்திரா நிறுவனம் தன் இரண்டு புதிய மின்சாரக் கார்களை அறிமுகம் செய்தபோது பேட்டரிக்கு ஆயுட்கால உத்தரவாதம் என்று அறிவித்தது, எம்.ஜி. நிறுவனத்தின் விண்ட்ஸர் காருக்கும் அதே உத்தரவாதம் உண்டு. 2025-இல் டாடா நிறுவனமும் அதைப் பின்பற்றி, ஆயுட்காலம் என்பதைப் பதிவு செய்த நாளிலிருந்து 15 வருஷம் என்று வரையறுத்தது. தம் பேட்டரிகளின்மேல் நிறுவனங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை. அந்த அளவில் நான் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் இந்த உத்தரவாதங்கள் முதல் உரிமையாளருக்கு, அதுவும் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்தவருக்கு உரியவை. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறியதும் அவை எட்டு வருஷமாகவோ பத்து வருஷமாகவோ சுருங்கிவிடுகின்றன. பேட்டரியின் ரசாயனத்துக்கு உரிமையாளரின் பெயர் தெரியாது. பத்து வருஷக் காரை விற்றவர் கையில் இருந்திருந்தால் தேய்ந்த பேட்டரிக்கு நிறுவனம் பொறுப்பேற்கும். அதையே நேற்று வாங்கியவர் கையில் என்றால் பொறுப்பில்லை என்பதற்கு நான் எவ்வளவு யோசித்தும் ஒரு நியாயம் காணவில்லை. அதன் விளைவு முதல் உரிமையாளரையும் விடுவதில்லை: வாங்குகிறவர் அஞ்சுவதால் அவருடைய காருக்குக் கிடைக்கும் விலையும் விழுகிறது.

அரசாங்கத்தின் வரிக்கொள்கை இந்த அநியாயத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. புதிய மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அந்தக் காருக்குள் இருக்கும் பேட்டரியும் அந்த 5 சதவீதத்தில் அடக்கம். வருஷங்கள் கழித்து அதே காருக்கு மாற்றுப் பேட்டரியைத் தனியே வாங்கினால் 18 சதவீதம். பழைய மின்சாரக் காரை வாங்கி விற்கும் வியாபாரியின் லாபத்தின் மீதும், 2024 டிசம்பரில் ஜைசால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் முடிவுப்படி, 18 சதவீதம். 4 லட்ச ரூபாய் விலையுள்ள பேட்டரிக்கு ஒருவர் 72,000 ரூபாய் வரி செலுத்த வேண்டும். காரோடு சேர்ந்து வந்திருந்தால் அதே பேட்டரிக்கு வரி 20,000 ரூபாய். புதிய கார் வாங்க வசதியுள்ளவருக்குச் சலுகையும், பழைய காரைக் காப்பாற்றி ஓட்ட நினைப்பவருக்குச் சுமையும் வைக்கும் இந்த ஏற்பாடு, சுற்றுச்சூழலின் பெயரால் கொடுக்கப்படும் சலுகையின் நோக்கத்துக்கே விரோதமானது.

மாற்றுப் பேட்டரியின் விலை என்ன என்பதே மர்மமாக இருப்பது இன்னொரு குறை. உலகச் சந்தையில் பேட்டரித் தொகுதியின் சராசரி விலை 2010-இல் யூனிட்டுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்தது. ப்ளூம்பெர்க் ஆய்வின்படி 2024-இல் அது 115 டாலருக்கு இறங்கிவிட்டது. அந்தக் கணக்கில் 30 யூனிட் பேட்டரிக்கு ஏறக்குறைய 3 லட்ச ரூபாய். இது கார் செய்பவர் மொத்தமாக வாங்கும் விலை. சில்லறையில் ஒரே ஒரு பேட்டரி வாங்க வருகிறவருக்கு அது கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவுக்குக் கிடைக்கும் என்பதை, டயருக்கும் கண்ணாடிக்கும் விலைப்பட்டியல் இருப்பதுபோல, நிறுவனங்கள் ஏன் வெளியிடக் கூடாது? பத்து வருஷங்களுக்கு முன்பே ஒரு நிறுவனம் அமெரிக்காவில் அதைச் செய்திருக்கிறது. விலை தெரியாதபோது வதந்தி விலையாகிவிடுகிறது. காரின் விலையே பேட்டரிக்கும் ஆகும் என்று ஊரெங்கும் பேசப்படும் பேச்சுக்கு இந்த மௌனமே மூலகாரணம்.

பழுது பார்க்கும் வசதியிலும் காலம் பின்னோக்கிப் போகிறதோ என்று ஐயுற இடமிருக்கிறது. லீஃபில் மாட்யூல்களைக் கழற்றி மாற்ற முடிந்தது. இன்றைய பேட்டரிகள் பலவற்றில் மாட்யூல் என்ற பகுப்பே இல்லை. நீண்ட செல்களை நேராகப் பெட்டிக்குள் பசையிட்டு ஒட்டிவிடுகிறார்கள். எடை குறைகிறது, ஓட்டதூரம் கூடுகிறது, விலையும் இறங்குகிறது. ஆனால் ஒரு செல் கெட்டால் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டியதாகிறது. அடிப்பாகத்தில் கல் தட்டிச் சிறு நசுங்கல் ஏற்பட்ட காரையும், உள்ளே என்ன ஆயிற்றோ என்று தெரியாத காரணத்தால், முழு நஷ்டமாக எழுதித் தள்ளும் நிலை ஐரோப்பிய இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஏற்பட்டிருக்கிறது. நமக்கோ வெள்ளம் என்ற தனிக் கவலையும் உண்டு. பேட்டரிப் பெட்டிகளின் தண்ணீர்ப் பாதுகாப்புத் தரம் என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதையே குறிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் தாழ்வான பகுதிகளில் நீர் நின்றது நாட்கணக்கில். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிவாசிகள் மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்துவதை நாம் பார்த்திருக்கிறோம். அப்படி வெள்ளத்தில் நின்ற கார்கள் கழுவித் துடைத்து வெளியூர்களில் விற்கப்படுவது பழைய கதை. பெட்ரோல் காரானால் மெக்கானிக்கின் மூக்கு அதைக் காட்டிக்கொடுக்கும். மின்சாரக் காரில் பேட்டரிப் பெட்டிக்குள் புகுந்த ஈரத்தை எந்த மூக்கு கண்டுபிடிக்கும்?

இத்தனையும் சொன்ன பிறகு, நான் மின்சாரக் காருக்கு எதிரி என்று எவரும் கொள்ளலாகாது. வீட்டில் சார்ஜ் போட வசதியுள்ளவருக்கு அது லாபகரமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 200 கிலோமீட்டருக்கு 34 யூனிட் என்று வைத்து, யூனிட் 9 ரூபாய் என்றால் செலவு சுமார் 300 ரூபாய். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு அதே தூரம் 1,250 ரூபாய் கேட்கும். வருஷம் 12,000 கிலோமீட்டருக்கு மிச்சம் 57,000 ரூபாய். எட்டு வருஷத்தில் நான்கரை லட்சம். பேட்டரி மாற்ற நேர்ந்தாலும் அதற்கான பணத்தின் பெரும்பகுதியைக் கார் தானே சம்பாதித்துக் கொடுத்திருக்கும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வெளியில் யூனிட் 20 ரூபாய் கொடுத்து வேக சார்ஜ் போடுகிறவருக்கு மிச்சம் ஏறக்குறைய 34,000 ரூபாயாகக் குறையும்; அவர் சற்றுப் பொறுத்திருப்பதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல, புதியவையும் அல்ல. ஐந்து வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டரில் 80 சதவீதம், எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டரில் 70 சதவீதம் கொள்திறன் எஞ்சியிருக்க வேண்டும் என்ற விதியை ஐக்கிய நாடுகள் சபையின் வாகன ஒழுங்குமுறை மன்றம் 2022-இலேயே வகுத்துவிட்டது. பேட்டரியின் ஆரோக்கியத்தை உரிமையாளரே காரில் படித்தறியும்படி செய்ய வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் 2026 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. ஐரோப்பாவிலோ 2027 பிப்ரவரி 18 முதல் ஒவ்வொரு மின்சாரக் காரின் பேட்டரிக்கும் அதன் பூர்வோத்தரங்களைச் சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட் இருந்தாக வேண்டும். நம் நாட்டிலும் 2022-ஆம் வருஷத்துப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், செத்த பேட்டரியைத் திரும்பப் பெற்று அதன் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைத்திருக்கின்றன. பேட்டரியின் மரணத்துக்குச் சட்டம் செய்தவர்கள் அதன் முதுமைக்கும் ஒரு சட்டம் செய்ய வேண்டும்.

இதில் முன்னிற்க வேண்டிய கடமை தமிழ்நாட்டுக்கு உண்டு என்று நான் கருதுகிறேன். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும், 2025 ஆகஸ்டு முதல் தூத்துக்குடியிலும், மின்சார வாகனங்கள் இங்கேதான் உருவாகின்றன. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் எழுந்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பேட்டரியை அறிந்த விஞ்ஞானிகளைப் பல தலைமுறைகளாக வளர்த்து வந்திருக்கிறது. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து, பழைய மின்சாரக் காரின் பேட்டரியை எப்படி அளப்பது, எப்படிச் சான்று கொடுப்பது என்ற ஒரு முறையை வகுத்துக் கொடுத்து, நம் ஐ.டி.ஐ.களில் அதைக் கற்ற இளைஞர்கள் ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் அந்த வேலையைச் செய்வார்களானால், ஆயில் கம்பியை விரலில் தேய்த்துப் பார்த்த மெக்கானிக்கின் இடம் காலியாக இராது. பெயர் மாறும்போது அந்தச் சான்றும் ஆர்.சி.யோடு சேர்ந்து கைமாற வேண்டும். உத்தரவாதமும் காரைத் தொடர்ந்து செல்ல வேண்டும். மாற்றுப் பேட்டரியின் விலை பகிரங்கமாக்கப்பட்டு, அதன் வரி 5 சதவீதமாகக் குறைய வேண்டும்.

அதுவரை, பழைய மின்சாரக் கார் வாங்க எண்ணும் வாசகர்கள், மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பி முன்பணம் கொடுக்காமல், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் சோதித்த பேட்டரி ஆரோக்கிய அறிக்கையை எழுத்து மூலம் தரும்படி விற்பவரிடம் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் காரை வாங்காதீர்கள். டில்லியில் இருப்பவர்களும் காலத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். 2020-இல் விற்ற கார்களின் எட்டு வருஷ வாரண்டி 2028-இல் முடிகிறது.